சிறைமுகாமிலிருந்து தலைமைத் தளபதி பதவிக்கு: ஜெனரல் குமாரமங்கலத்தின் வாழ்க்கை

இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக 1966 முதல் 1969 வரை பதவி வகித்த ஜெனரல் பி.பி. குமாரமங்கலம், இரண்டாம் உலகப் போரின்போது ஏறத்தாழ மூன்று ஆண்டுகளைப் போர்க் கைதியாகக் கழித்தவர்.

சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்த ப. சுப்பராயன் – ராதாபாய் தம்பதியின் மகனாக 1913-ல் பிறந்த அவர், இங்கிலாந்தில் பயிற்சி பெற்று 1933-ல் பீரங்கிப் படை அதிகாரியானார்.

1942 மே மாதம் லிபியாவின் பிர் ஹகீமில் அச்சு நாடுகளின் டாங்கிகளை எதிர்த்து அவரது பீரங்கிப் பிரிவு போரிட்டது. அதில் காட்டிய வீரத்துக்காக அவருக்கு டிஎஸ்ஓ விருது வழங்கப்பட்டது. எனினும், அந்த ஆண்டே சிறைபிடிக்கப்பட்ட அவர், இத்தாலிக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

அங்கு அவெசானோ முகாமில் பிரிக்கப்படாத இந்தியாவின் அதிகாரிகள் பலர் ஒன்றாக அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களில் யாகியா கானும் ஒருவர். 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தது. அந்தக் காலகட்டத்தில் தப்பிச் சென்ற குமாரமங்கலம், மீண்டும் பிடிபட்டார். கடும் காவல் கொண்ட ஜெர்மனியின் ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமில் அடைக்கப்பட்டார். தப்பியும் கைகூடாத விடுதலை, 1945-ல் போர் முடிவுக்கு வந்தபோதுதான் சாத்தியமானது.

சிறைவாசம் அவரது ராணுவ வாழ்வை முடித்துவிடவில்லை. 1966-ல் அவர் இந்திய ராணுவத்துக்குத் தலைமையேற்றார். அதே ஆண்டில் பாகிஸ்தான் ராணுவத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர், அவருடன் கைதியாக இருந்த யாகியா கான். ஒரே முள்வேலிக்குள் விடுதலைக்குக் காத்திருந்த இருவரும், எல்லையின் இரு புறமும் எதிரெதிர்ப் படைகளை வழிநடத்தினர்.

பத்ம விபூஷண் விருது பெற்ற குமாரமங்கலம், 2000-ம் ஆண்டு காலமானார்.