விளக்கு மட்டுமா பிடித்தார்?

போன மாசம் எங்க தாத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். சிறுநீர் போக டியூப் போட்டிருந்தாங்க. நர்ஸ் அக்கா கை கழுவிட்டுத்தான் அதைத் தொடுவார். என்றைக்குப் போட்டது, இன்னும் தேவையா என்று தினமும் கேஸ் ஷீட்டில் எழுதுவார். இதையெல்லாம் எதுக்கு எழுதணும் என்று நினைத்தேன். பிறகுதான் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வரலாற்றைப் படித்தேன்.

இவர் 1820 மே 12-இல் இத்தாலியில் பிறந்தார். வசதியான ஆங்கிலேயக் குடும்பம். நர்ஸ் வேலை கூடாது என்று வீட்டில் தடுத்தார்கள். அவர் விடவில்லை. கிரிமியப் போரின்போது, 1854-இல், 38 பெண்களோடு துருக்கியின் ஸ்கூட்டரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அங்கே இறந்தவர் கணக்கு ஒரு பதிவேட்டில் ஒன்று, இன்னொன்றில் வேறு! இரவெல்லாம் விளக்கோடு சுற்றியும் சாவு குறையலை. 1855 மார்ச்சில் சாக்கடைகளைச் சுத்தம் செய்யத் தொடங்கிய பிறகுதான் நன்றாகக் குறைந்தது.

ஊர் திரும்பிக் கணக்குப் போட்டார். காயத்தால் இறந்தவர்களைவிட நோயால் இறந்தவர்களே மிக அதிகம். தன் மருத்துவமனையிலும் அப்படித்தான் என்று தெரிந்தும் மறைக்கவில்லை. 1858-இல் வண்ணப் படமாகவே வெளியிட்டார். எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரிப் படிவத்தில் பதிவு செய்யணும் என்று 1860-இல் வற்புறுத்தினார். 1910-இல், 90 வயதில் காலமானார்.

நான்காம் நாள் டாக்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்தார். இனி டியூப் வேண்டாம் என்று எடுக்கச் சொன்னார். அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி தொற்றும் ஆபத்து கூடுமாம். எழுதாம விட்டிருந்தா யாருக்கு ஞாபகம் இருந்திருக்கும்? தாத்தா இப்போ நல்லா இருக்கார்.

விளக்குப் பிடித்த அம்மையாரை எல்லாருக்கும் தெரியும். பேனா பிடித்த அம்மையாரைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.