புவனகிரி தந்த மகான்

சிதம்பரத்தை அடுத்து வெள்ளாற்றங்கரையில் உள்ளது புவனகிரி. ஸ்ரீ ராகவேந்திர சுவாமிகள் அவதரித்த ஊர் என்று அதனைத் தேடிக் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் யாத்திரிகர் வருகின்றனர். சுவாமிகளின் மகிமையைப் பேசுவோர் பலர். அன்னாருடைய வாழ்வில் பல பாஷைகள் பகையின்றிக் கூடி வாழ்ந்த செய்தியை எண்ணுவோர் சிலரே. பாஷையின் பெயரால் அண்டை நாட்டாரை ஐயுறும் மனப்பான்மை தலைதூக்கும் இந்நாளில் அதனை நினைவுறுத்துதல் நம் கடமையாகும்.

சுவாமிகளின் முன்னோர் கன்னடம் பேசுவோர். பாட்டனார் விஜயநகர சமஸ்தானத்தில் வீணை வித்துவானாக விளங்கியவர் என்பர். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் அப்பேரரசு நிலைகுலைந்தது. ஆதரவற்ற குடும்பங்கள் பல தெற்கு நோக்கி வந்தன. அவ்வாறு வந்த மரபில், திம்மண்ண பட்டருக்கும் கோபிகாம்பாளுக்கும் 1595-இல் பிறந்த மைந்தரே வேங்கடநாதர் என்பது மடத்து வழக்கு. வந்தவர் எந்தப் பாஷை பேசுவோர் என்று விசாரித்துத் தமிழகம் கதவடைக்கவில்லை.

இளமையில் தந்தையை இழந்த வேங்கடநாதர், மதுரையில் தம் தமக்கையின் கணவரிடம் கல்வி கற்றார். பின்னர்க் கும்பகோணத்தில் சுதீந்திர தீர்த்தரை அடைந்து சாஸ்திரங்களை ஐயமறப் பயின்றார். மணம் புரிந்த பின் வறுமை அவரை வாட்டியது. பட்டினி கிடந்த நாட்களிலும் மாணாக்கரிடம் ஊதியம் பெறாது கற்பித்தார் என்று அவர் வரலாறு கூறும். 1621-இல் தஞ்சையில் துறவு பூண்டு ராகவேந்திர தீர்த்தரானார். அக்காலத்தே தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் தெலுங்கிலும் ஸம்ஸ்கிருதத்திலும் நூல் இயற்றிய புலவர். தமிழ் மண்ணில் அவ்விரு பாஷைகளும் அரசவையில் தழைத்தன.

சுவாமிகள் சாஸ்திர நூல்களை ஸம்ஸ்கிருதத்தில் எழுதினார். ஜயதீர்த்தரின் நியாயசுதைக்கு அவர் வரைந்த பரிமளம் என்னும் உரை அறிஞர் போற்றுவது. அவர் இயற்றியதாக வழங்கும் பக்திப் பாடலோ கன்னடத்தில் உள்ளது. இறுதியில் தெலுங்கு நாட்டில், துங்கபத்திரைக் கரையிலுள்ள மந்திராலயத்தில், 1671-இல் பிருந்தாவனம் எய்தினார்.

ஆதோனிப் பக்கத்தில் வேங்கண்ணர் என்ற எழுத்தறியாத இடைச்சிறுவரைப் பற்றிக் கர்ணபரம்பரைக் கதை ஒன்றுண்டு. ஓலை ஒன்றைப் படிக்குமாறு நவாப் அதட்டியபோது, அவர் சுவாமிகளை நினைத்துப் படித்துவிட்டாராம். அதனால் திவான் பதவியும் பெற்றாராம். எழுத்தறிவு வாய்த்தால் எளியவனும் உயர்வான் என்னும் ஜனங்களின் ஆசை இக்கதையில் ஒலிக்கிறது. நமக்கோ அற்புதம் வேண்டுவதில்லை, முயற்சி போதும்.

சுவாமிகள் தமிழில் நூல் செய்யவில்லையே என்று சிலர் வருந்தலாம். அதனால் நம் தமிழுக்குக் குறை ஏதும் நேர்ந்துவிடவில்லை. கன்னடக் குடும்பத்துக்குத் தமிழ்நாடு உறைவிடம் தந்தது. அக்குடும்பத்துப் பிள்ளைக்குத் தெலுங்கு நாடு கோயில் எடுத்தது. தாய்மொழியில் உறுதியாக நிற்பவன் அயல்மொழிக்கு அஞ்ச வேண்டியதில்லை. வற்புறுத்தித் திணிக்கப்படும் மொழி வெறுப்பை வளர்க்கும். விரும்பிக் கற்கும் மொழி உறவை வளர்க்கும்.

அண்டை மொழிகள் நமக்கு அத்துணை அரியனவும் அல்ல. தமிழில் பால் என்பது கன்னடத்தில் ஹாலு; பல் என்பது ஹல்லு; புலி என்பது ஹுலி. முதலிலுள்ள பகரம் ஹகரமாகும் இவ்வொரு விதியை அறிந்தால் பல சொற்கள் தாமே விளங்கும். கன்னட எழுத்தும் தெலுங்கு எழுத்தும் பெரிதும் ஒத்திருத்தலின், ஒன்றைப் பயின்றவனுக்கு மற்றது எளிதாகும்.

மந்திராலயத்துக்குச் செல்லும் தமிழர் ஆண்டுதோறும் பலர். அங்குள்ள பெயர்ப் பலகைகளைத் தாமே படிக்கும் அளவுக்கேனும் தெலுங்கெழுத்துக் கற்றுச் செல்லலாம். புவனகிரிக்கு வரும் யாத்திரிகரும் நான்கு தமிழ்ச் சொற்களை அறிந்து வரலாம். மகானுக்கு நாம் செலுத்தும் காணிக்கைகளுள் இக்கல்வியும் ஒன்றாகுக.