வேலை போன கணக்கர் செய்த கிதார்

சினிமாப் பாட்டில் தாளத்தோடு ஒட்டி அடியில் 'கும், கும்' என்று ஓர் ஒலி வந்துகொண்டே இருக்கும். அது பேஸ் கிதாரின் ஒலி. மின்சாரத்தில் இயங்கும் அந்த வாத்தியத்தை உலகெங்கும் பரவச் செய்தவர் லியோ பெண்டர். அவர் இசைக் கலைஞர் அல்ல. கணக்கு எழுதிப் பிழைத்தவர். கிதார் வாசிக்க அவருக்குக் கடைசி வரை தெரியாது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1909-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி பிறந்தார். பெற்றோர் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்தவர்கள். 8 வயதில் ஒரு கண்ணை இழந்தார். கண்ணாடிக் கண் பொருத்தினார்கள்.

கணக்கியல் படித்து, ஐஸ் கம்பெனியிலும் பிறகு அரசாங்க நெடுஞ்சாலைத் துறையிலும் கணக்கராக இருந்தார். 1930-களின் பொருளாதார நெருக்கடியில் அரசாங்க வேலை போயிற்று. டயர் கம்பெனியில் சேர்ந்தார். ஆறே மாதத்தில் அதுவும் போயிற்று.

1938-ல் 600 டாலர் கடன் வாங்கி, புல்லர்டன் நகரில் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார். வாத்தியக்காரர்கள் ஒலிபெருக்கிகளைப் பழுது பார்க்கக் கொண்டு வந்தார்கள். அவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுக் கேட்டு, தாமே கிதார் செய்யத் தொடங்கினார்.

ஒரே பலகையில்

அப்போது அடிநாதத்துக்கு இருந்தது ஆள் உயர டபுள் பேஸ். தூக்கிச் செல்வது பெரும்பாடு. மற்ற வாத்தியங்களின் சத்தத்தில் அதன் ஒலி அமுங்கிவிடும். வீணையில் இருப்பதுபோல் மெட்டுகள் இல்லாததால் சுருதி பிசகும். இந்தக் குறைகளைத் தீர்க்க 1951-ல் பெண்டர் கொண்டு வந்ததுதான் 'பிரிசிஷன் பேஸ்'. தோளில் மாட்டிக்கொள்ளலாம், மெட்டுகளும் உண்டு.

அதன் தலையும் புது மாதிரி. பல கிதார்களில் தலை பின்னால் சாய்ந்திருக்கும். திருகாணிகள் இரு பக்கமும் இருக்கும். பெண்டர் கழுத்தையும் தலையையும் சாய்வின்றி ஒரே மேப்பிள் பலகையில் அறுத்தார். மரம் மிச்சம், வேலையும் சுருக்கம். நான்கு திருகாணிகளையும் ஒரே பக்கம் வைத்ததால் தந்திகள் வளையாமல் நேராகச் சென்றன.

முதலில் ஒல்லியாக இருந்த தலை, 1957-ல் அகன்று வளைவுகளோடு வந்தது. 1960-ல் வந்த 'ஜாஸ் பேஸ்' கிதாருக்கும் அதே சாயல். தூரத்தில் பார்த்தாலே பெண்டர் கிதார் என்று தெரியும்.

போன பெயர்

1965-ல் உடல்நலம் குன்றி, கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். கம்பெனியோடு பெயரும் போயிற்று. கிதாரின் தலையில் 'பெண்டர்' என்று எழுதும் உரிமை பெண்டருக்கே இல்லை.

பின்னர் உடல் தேறியது. சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை. 1975-ல் 'மியூசிக் மேன்' கம்பெனியின் தலைவரானார். பழைய பெயரும் இல்லை, பழைய தலையும் இல்லை. 1976-ல் அங்கிருந்து வந்த 'ஸ்டிங்ரே' பேஸில் மூன்று திருகாணிகள் ஒரு பக்கமும், ஒன்று எதிர்ப்பக்கமும் இருந்தன. இதனால் தலை குட்டையாயிற்று.

1980-ல், 71-வது வயதை எட்டும் நிலையில், பழைய தோழர் ஜார்ஜ் புல்லர்டனுடன் 'ஜி அண்டு எல்' கம்பெனியைத் தொடங்கினார். திருகாணிகள் மறுபடி ஒரே பக்கம் வந்தன; தலையின் வெட்டு மட்டும் வேறு. அதே காலத்தில் நெட் ஸ்டைன்பெர்கர் என்பவர், திருகாணிகளை உடலின் அடிப்பக்கம் மாற்றி, தலையே இல்லாத பேஸ் கிதாரைக் கொண்டு வந்தார்.

முதுமையில் பெண்டருக்குப் பார்கின்சன் நோய் வந்தது. அப்போதும் பட்டறைக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. 1991-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி, 81-வது வயதில் காலமானார்.

பெயரை விற்ற பிறகும் தொழிலை விடாதவர் அவர். 1957-ல் வந்த தலையும் 1976-ல் வந்த தலையும் இன்றும் கடைகளில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. அவற்றின் மேல் உள்ள பெயர்கள் வேறு. இரண்டும் பெண்டரின் பட்டறையில் பிறந்தவை.