வேலூர் டாக்டரம்மாள்



பெரியகுளத்தில் நின்று வடக்கே அண்ணாந்து பார்த்தால் கோடைமலை தெரிகிறதல்லவா? அம்மலைமேல் 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில், 89-ஆம் வயதில், ஒரு மூதாட்டி உயிர்நீத்தார். டாக்டர் ஐடா ஸ்கடர் என்பது அவர் பெயர். வேலூர் ஆஸ்பத்திரியைக் கேள்விப்படாத குடும்பம் நம் பள்ளத்தாக்கில் இராது. அதை உண்டாக்கியவரின் சரித்திரமோ பலருக்குத் தெரியாது. அவர் நமது திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். அமெரிக்கப் புரொட்டஸ்டண்டு மிஷனரிக் குடும்பத்தில், 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். நல்லதை நல்லதென்று சொல்ல அது தடையன்று.

பாட்டனாரும் தகப்பனாரும் மிஷன் வைத்தியர்கள். ஐடாவுக்கோ இந்நாட்டில் தங்கவே விருப்பமில்லை. அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்ற தாயாரைப் பார்க்கத்தான் திண்டிவனம் வந்தார். அங்கே ஓர் இரவு மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில் கிடந்தாள். வைத்தியரான தகப்பனார் புறப்படச் சித்தமாயிருந்தார். அந்நிய ஆடவர் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதா என்று மூவருமே மறுத்துத் திரும்பிப் போனார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

அந்தக் கணவன்மாரைக் கொடியவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். நடுநிசியில் ஓடிவந்தவர்களுக்கு மனைவிமேல் அன்பில்லை என்று யார் சொல்வது? வழக்கம் குறுக்கே நின்றது. ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போகலாம் என்று நம் வீடுகளிலும் பெண்களின் நோயைத் தள்ளிப்போடுகிறோமே, அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐடா அமெரிக்கா திரும்பி வைத்தியம் படித்தார். 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் வேலூர் வந்தார். அதே ஆண்டில் தகப்பனாரும் காலமானார். வீட்டில் ஒரு சிறு அறைதான் முதல் ஆஸ்பத்திரி. 1902-இல் 40 படுக்கைகளோடு பெண்களுக்கான ஆஸ்பத்திரி எழும்பியது.

அதோடு நின்றிருந்தால் நல்ல வைத்தியர் என்ற பெயரோடு போயிருப்பார். ஆனால் கட்டிலைத் தேடி வருகிறவர்கள் சிலரே, வர முடியாமல் கிராமத்தில் கிடப்பவர்களே அநேகர் என்பதைக் கண்டுகொண்டார். ஆகவே வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் புறப்பட்டார். முதலில் மாட்டுவண்டி, பிறகு ஒரு சிறு மோட்டார். மோட்டாரைக் கண்டு ஓடிய ஜனங்களே நாளடைவில் மரத்தடிகளில் அதற்காகக் காத்திருந்தார்கள். மரநிழலிலேயே கட்டிகளைக் கீறுவார், புண்களைக் கட்டுவார், மருந்து கொடுப்பார்.

வைத்தியருக்குச் சாலை கற்பிப்பதை ஆஸ்பத்திரிச் சுவர் கற்பிப்பதில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். நரம்புச் சிலந்தி என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். படிக்கிணற்றில் இறங்கி நிற்பவனின் கால் புண்ணிலிருந்து புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் சேரும். கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு நீர்ப்பூச்சிகள் அவற்றை விழுங்கும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவன் உடலில் ஏறக்குறைய ஓர் ஆண்டில் புழு முழமாய் நீண்டுவிடும். அதைக் குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே இழுக்கலாம். ஆனால் கிணற்றைப் பாராத வைத்தியர், மறுவருஷமும் அதே மனிதனுக்கு இன்னொரு புழுவை இழுக்க வேண்டியதுதான். தண்ணீரைத் துணியில் வடிகட்டினாலே போதும். அப்படி வடிகட்டியும், படிக்கிணறுகளை மாற்றியுமே அந்நோய் இந்தியாவிலிருந்து ஒழிந்தது. 2000-இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று அளித்தது.

ஒருவரால் ஆகிற காரியமன்று என்று கண்ட ஐடா, 1918-இல் பெண்களுக்கென்று வைத்தியப் பள்ளி தொடங்கினார். மூன்று பேர் சேர்ந்தாலே அதிகம் என்று பெரிய அதிகாரி ஒருவர் சந்தேகித்தாராம். விண்ணப்பித்தவர்களோ 151 பேர்! 1922-இல் முதல் வகுப்பினர் 14 பேரும் தேறினர். ஆண்களுக்கு 1947-இல்தான் அங்கே இடம் கிடைத்தது. அவர் மறைவுக்குப் பின், 1977-இல், அக்கல்லூரி கே.வி.குப்பத்தில் கிராம சுகாதார நிலையம் ஒன்றை நிறுவியது. அந்த ஊர் இருப்பதும் குடியாத்தம் பக்கந்தான்.

1946-இல் பொறுப்பிலிருந்து விலகி, கோடைக்கானலில் தம் வீட்டில் வசித்தார். ஊரும் தெருவும் எழுதாமல், டாக்டர் ஐடா, இந்தியா என்று மாத்திரம் மேல்விலாசமிட்ட ஒரு கடிதம் அவரிடமே வந்து சேர்ந்ததென்று சொல்வார்கள்.