ஒராபி பாஷா: ஊர் திரும்பிய பிறகு

கண்டி ஹலொலுவ வீதியில் ஒராபி பாஷா நினைவு இல்லம் இருக்கிறது. எகிப்தின் போர் அமைச்சராக இருந்தவர் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்த வீடு அது. இலங்கையில் அவருடைய கதை பெரும்பாலும் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியோடு முடிந்துவிடுகிறது. எனக்கோ அவர் ஊர் திரும்பிய பிறகு நடந்ததுதான் மனதை விட்டுப் போக மறுக்கிறது.

அஹ்மத் ஒராபி 1841 இல் நைல் கழிமுகத்தில், ஸகாஸீக் நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். அல் அஸ்ஹரில் படித்தவர். சிறு வயதிலேயே படைக்கு எடுக்கப்பட்டு, இருபது வயதளவில் லெப்டினன்ட் கேணல் ஆனார். அத்தோடு பதவி உயர்வு நின்றது. மேல் பதவிகள் துருக்கிய, சேர்க்கேசிய வம்சத்தவருக்கே போயின. நாட்டின் கடனைக் காரணம் காட்டிப் பிரித்தானியாவும் பிரான்ஸும் எகிப்தின் கஜானாவைக் கையில் எடுத்திருந்த காலம் அது. 1881 செப்டம்பர் 9 இல், ஒராபி படையினரோடு கெய்ரோவின் அப்தீன் அரண்மனைக்கு முன்னால் போய் நின்றார். அமைச்சரவையைக் கலைக்க வேண்டும், மக்கள் சபையைக் கூட்ட வேண்டும் என்றார். ஆட்சியாளர் கெதீவ் தவ்ஃபீக் பணிந்தார்.

மறு ஆண்டு ஜூலையில் பிரித்தானியக் கப்பல்கள் அலெக்சாண்ட்ரியாவைக் குண்டு வீசி அழித்தன. இங்கே ஒராபி செய்த பிழையை மறைக்க முடியாது. சுயஸ் கால்வாய் நடுநிலையாகவே இருக்கும் என்று அதைக் கட்டிய லெசெப்ஸ் கொடுத்த உறுதியை நம்பி, அதை உரிய நேரத்தில் அடைக்காமல் விட்டார். பிரித்தானியப் படை அந்த வழியாகவே உள்ளே வந்தது. செப்டம்பர் 13 விடியற்காலை தெல் எல் கபீரில் சுமார் ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை நாடுகடத்தலாக மாற்றப்பட்டது.

1883 ஜனவரியில் ஆறு தோழர்களோடு கொழும்பில் இறங்கினார். இங்குள்ள முஸ்லிம்கள் அவரைக் கொண்டாடினார்கள். சித்திலெப்பையும் வாப்பிச்சி மரிக்காரும் 1892 இல் ஸாஹிராவைத் தொடங்கியபோது கூடவே நின்றார். அதே ஆண்டில் கண்டிக்குக் குடிபெயர்ந்தார்.

வரவேற்பு இருந்தாலும் அது அந்நிய மண்தான். தோழர்களுக்குள் தோல்வி யாரால் வந்தது என்ற மனக்கசப்பு வளர்ந்தது. அவர்களில் ஒருவர் அரபுலகம் போற்றும் கவிஞர் மஹ்மூத் சாமி அல் பாரூதி. மனைவி எகிப்தில் இறந்த செய்தி அவருக்கு இங்கே வைத்துத்தான் கிடைத்தது. பார்வையும் மங்கிப்போன நிலையில் 1899 இல் அவரை ஊருக்கு விட்டார்கள். வேறு மூவர் திரும்பவே இல்லை. இந்த மண்ணிலேயே இறந்தார்கள்.

ஒராபிக்கு 1901 இல் அனுமதி கிடைத்தது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு எகிப்தில் கால் வைத்தவரை வரவேற்க ஊர் திரளவில்லை. முஸ்தபா காமிலைச் சுற்றி வளர்ந்திருந்த புதிய தலைமுறைத் தேசியவாதிகள், ஆங்கிலேயரை நாட்டுக்குள் கொண்டுவந்தவர் இவர்தான் என்றார்கள். அரண்மனைக் கவிஞர் அஹ்மத் ஷவ்கி அவரை எள்ளிக் கவிதை எழுதினார். கடனும் கால்வாயும் ஒராபிக்கு முன்பே அங்கே இருந்தன. இழப்பின் முழுக் கணக்கும் ஒருவர் தலையில் எழுதப்பட்டது. இப்படியான பேச்சைக் கேட்டுப் பழகிய நமக்கு அது புதிதல்ல.

தன் தரப்பை நினைவுக் குறிப்புகளாக எழுதினார். 1911 செப்டம்பர் 21 இல் கெய்ரோவில் இறந்தார். அப்போதும் பிரித்தானியப் படை அங்கேயே இருந்தது. 1952 இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவ அதிகாரிகள்தான் அவரைத் தேசிய வீரராக நிறுத்தினார்கள். அவர் இறந்து அப்போது 41 ஆண்டுகள்.