98, 97, 75, 91 - ஏ.ஜி. கிருபால் சிங்



இந்த முறை வாழ்க்கை வரலாறு எழுதுவது என் முறை. காந்தி தாத்தா, பாரதியார், காமராசர் எல்லோரையும் மற்ற வகுப்புக்காரர்கள் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். அதனால் நான் ஒரு கிரிக்கெட் வீரரைப் பற்றி எழுதுகிறேன். சச்சின், தோனி இல்லை. அவர்களைப் பற்றி நம்ம பசங்களுக்கு என்னைவிட நல்லாவே தெரியும்.

அவர் பெயர் ஏ.ஜி. கிருபால் சிங். பேரைக் கேட்டதும் பஞ்சாப்காரர் என்றுதான் நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவர் 1933 ஆகஸ்ட் 6-ம் தேதி சென்னையில் பிறந்தவர். ஆடியதும் நம்ம மாநில அணிக்குத்தான். அப்போது அதற்கு மதராஸ் அணி என்று பெயர். ஏ.ஜி. என்றால் அம்ரித்சர் கோவிந்த்சிங். அம்ரித்சரை இனிஷியலில் வைத்துக்கொண்டு சென்னையில் வாழ்ந்த சீக்கியக் குடும்பம் அது.

இவரைப் பற்றிச் சொல்லணும்னா முதலில் அவங்க அப்பா ஏ.ஜி. ராம் சிங்கைச் சொல்லணும். இந்தியாவில் மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையின் முதல் மேட்ச் 1934 நவம்பர் 4-ல் சேப்பாக்கத்தில் நடந்தது. மதராஸுக்கும் மைசூருக்கும். அது நம்ம ஊர் மேட்ச் மாதிரி ஒரே நாளில் முடிந்துவிட்டது. நம்ம மேட்ச் முடிவது பந்து காப்பித் தோட்டத்துக்குள்ள உருண்டு போய்த் தொலைவதால். அங்கே ராம் சிங் ரெண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 11 விக்கெட் எடுத்ததால்! மதராஸ்தான் ஜெயித்தது. அப்போது கிருபாலுக்கு ஒரு வயசு.

இவ்வளவு திறமை இருந்தும் ராம் சிங்குக்கு இந்தியாவுக்காக அதிகாரப்பூர்வமான டெஸ்ட் மேட்ச் ஒன்றுகூட ஆடக் கிடைக்கவில்லை. 1936-க்குப் பிறகு 1946 வரை இந்தியா டெஸ்டே ஆடவில்லை. நடுவில் உலகப் போர் வேறு. அவருடைய நல்ல வயசெல்லாம் அந்தப் பத்து வருஷத்தில் போய்விட்டது. பிறகு அவர் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் ஆனார். கிருபாலும் தம்பி மில்கா சிங்கும் அவரிடம்தான் கற்றுக்கொண்டார்கள். (இந்த மில்கா சிங் ஓட்டப்பந்தய வீரர் மில்கா சிங் இல்லை. நான் குழம்பியதுபோல நீங்களும் குழம்ப வேண்டாம்.)

மதராஸ் அணிக்கும் ஒரு குறை இருந்தது. 1935-36-ல் இறுதிப் போட்டிக்குப் போய் பம்பாயிடம் தோற்றது. 1940-41-ல் மறுபடியும் போய் மகாராஷ்டிராவிடம் தோற்றது. முதல் மேட்சையே ஜெயித்த அணி, இருபது வருஷமாகியும் கோப்பையைத் தொடவில்லை.

அப்புறம்தான் 1954-55 வந்தது. கேப்டன் பாலு அளகண்ணன். இவர் பின்னாளில் ரேடியோவில் வர்ணனை சொன்னவர். கிருபாலுக்கு வயசு 21. அந்தக் காலத்தில் ரஞ்சி நாக்-அவுட் முறையில் நடந்தது. ஒரு மேட்ச் தோற்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான். இப்போது மாதிரி ஆடுகிறவர்களுக்குப் பெரிய சம்பளமும் கிடையாது, டி.வி.யும் கிடையாது.

திருவாங்கூர்-கொச்சி அணிக்கு எதிராகக் கிருபால் 208 ரன் அடித்தார். அரையிறுதியில் வங்காளத்தோடு மோதினார்கள். அதில் முதல் இன்னிங்ஸில் 98, அடுத்ததில் 97. ரெண்டு ரன்னில் ஒரு சதம் போச்சு, மூணு ரன்னில் இன்னொரு சதம் போச்சு. எனக்குப் படிக்கும்போதே வயிற்றைப் பிசைந்தது. நம்ம வீட்டில் 98 மார்க் வாங்கினால்கூட மீதி ரெண்டு எங்கேன்னு கேட்பாங்க. ஆனால் மதராஸ் இறுதிப் போட்டிக்குப் போய்விட்டது.

இறுதிப் போட்டி இந்தூரில், ஓல்கார் அணியோடு. இந்தூர் மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. ஓல்கார் மகாராஜா ஆதரித்த அணி அது. அதற்கு முன்னால் 4 முறை கோப்பை வாங்கியிருந்தார்கள். முஷ்டாக் அலி மாதிரி பெரிய ஆளுங்க ஆடிய அணி. ஊரும் அவங்க ஊர், மைதானமும் அவங்க மைதானம்.

மதராஸ் 478. ஓல்கார் 417. மறுபடி மதராஸ் 311. ஓல்கார் 326-ல் முடிந்தது. கூட்டிப் பாருங்க: 789-க்கு 743. மதராஸ் 46 ரன்னில் ஜெயித்தது! அதில் கிருபால் அடித்தது 75, 91. ரெண்டும் சேர்த்து 166. விக்கெட்டும் 7 எடுத்தார். அவர் ரெண்டு இன்னிங்ஸிலும் சீக்கிரம் அவுட் ஆகியிருந்தால் கோப்பை நம்மகிட்ட வந்திருக்காது. கடைசி ரெண்டு மேட்சில் நாலு இன்னிங்ஸ், 361 ரன், ஒரு சதம்கூட இல்லை. அந்த சீசன் முழுக்க 636 ரன், 13 விக்கெட். ஓல்கார் என்ற பெயரில் அந்த அணி ஆடிய கடைசி சீசனும் அதுதான்.

அதே வருஷம், 1955 நவம்பரில், கிருபாலை இந்திய அணியில் சேர்த்தார்கள். நியூசிலாந்தோடு ஐதராபாத்தில் டெஸ்ட். உம்ரிகர் 223, மஞ்ச்ரேக்கர் 118 அடித்தார்கள். அவர்கள் நடுவில் 22 வயசுக் கிருபால் 100 அடித்து அவுட் ஆகாமல் நின்றார். சரியாக நூறு! முதல் டெஸ்டிலேயே சதம் அடித்த மூன்றாவது இந்தியர் அவர். லாலா அமர்நாத்தும் தீபக் சோதனும் அவருக்கு முன்னால் அடித்தவர்கள். அப்பாவுக்குக் கிடைக்காத டெஸ்டில் மகன் இப்படி ஆரம்பித்தார்.

ஆனால் அதற்குப் பிறகு டெஸ்டில் அவர் சதம் அடிக்கவே இல்லை. 1964 வரை மொத்தம் 14 டெஸ்ட்தான். இன்னும் அதிகம் ஆடியிருக்க வேண்டியவர் என்பது என் கருத்து. பழைய படங்களில் தலைப்பாகையோடு இருப்பார். பின்னால் ஒரு கிறிஸ்தவப் பெண்ணை விரும்பித் திருமணம் செய்து, தானும் கிறிஸ்தவராகி, முடியை வெட்டிக்கொண்டார். பிந்தைய படங்களில் வேற ஆள் மாதிரியே தெரிவார். தம்பி மில்காவும் இந்தியாவுக்கு ஆடினார்.

ஆட்டத்தை விட்ட பிறகு கிருபால், இந்திய அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக் குழுவில் இருந்தார். அந்தப் பொறுப்பில் இருக்கும்போதே 1987 ஜூலை 22-ல் மாரடைப்பால் சென்னையில் இறந்துவிட்டார். வயசு 53.

1955-க்குப் பிறகு நம்ம அணி ரஞ்சிக் கோப்பையை மறுபடி வாங்கியது எப்போது தெரியுமா? 1987-88 சீசனில், ரயில்வே அணியைத் தோற்கடித்து. 33 வருஷம் கழித்து. கிருபால் இறந்த அடுத்த வருஷம். கொஞ்ச மாசம் இருந்திருந்தால் பார்த்திருப்பார்.

1989 ஜனவரியில் கோவாவுக்கு எதிராக அவர் மகன் அர்ஜன் கிருபால் சிங் 302 ரன் அடித்து அவுட் ஆகாமல் நின்றார். அப்போது தாத்தா ராம் சிங் உயிரோடு இருந்தார். அவர் இறந்தது 1999-ல்.