கைவிளக்கேந்திய காரிகையின் கணக்குப் புத்தகம்

ஒவ்வோர் ஆண்டும் மே 12ஆம் தேதி அனைத்துலகத் தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அது புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். கைவிளக்கேந்திய காரிகை என்று பள்ளிப் பாடத்தில் நாம் படித்த அதே அம்மையார்தான். விளக்கைப் பிடித்துக்கொண்டு காயம்பட்ட வீரர்களின் படுக்கைகளுக்கு இடையே அவர் நடந்து செல்லும் ஓவியம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

அவர் போர்க்கால மருத்துவமனைகளில் பணியாற்றியது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. நாடு திரும்பிய பிறகு வாழ்ந்ததோ 54 ஆண்டுகள். அந்த நீண்ட காலத்தில் அவர் அதிகம் கையாண்ட கருவி புள்ளிவிவரம். இன்று பெரிய நிறுவனங்கள் எல்லாம் தரவை வைத்து முடிவெடுக்க வேண்டும் என்று ஊழியர்களுக்குப் பயிற்சி நடத்துகின்றன. பிஸ்னஸ் இண்டெலிஜென்ஸ் என்ற பெயரில் அதற்கெனத் தனிப் பிரிவும் வைத்திருக்கின்றன. கணினி இல்லாத காலத்தில், வாக்குரிமைகூட இல்லாத ஒரு பெண், பிரிட்டிஷ் ராணுவம் என்ற மாபெரும் அமைப்பை அந்த வழிக்குத் திருப்பிய கதை இது.

எண்களை நேசித்த சிறுமி

நைட்டிங்கேல் 1820ஆம் ஆண்டு இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே பெற்றோர் அவருக்குச் சூட்டினர். செல்வக் குடும்பம். இங்கிலாந்தில் டெர்பிஷையரிலும் ஹாம்ப்ஷையரிலும் அவர்களுக்குப் பெரிய வீடுகள் இருந்தன. பெண் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம் அது. தந்தை வில்லியம் எட்வர்ட் தம் இரு மகள்களுக்கும் வீட்டிலேயே கிரேக்கம், லத்தீன், வரலாறு ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்தார். இளைய மகள் புளோரன்சுக்குக் கணிதத்தில் தனி நாட்டம் இருந்தது.

தாதியாகப் போகிறேன் என்று அவர் சொன்னபோது குடும்பமே எதிர்த்தது. அன்றைய இங்கிலாந்தில் தாதி வேலைக்கு மதிப்பில்லை. குடிப்பழக்கம் உள்ளவர்களும் வேறு போக்கிடம் இல்லாதவர்களும் செய்யும் வேலை என்றே பலரும் அதைப் பார்த்தனர். நல்ல இடத்திலிருந்து வந்த திருமண ஏற்பாட்டையும் அவர் மறுத்துவிட்டார். 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நிலையத்தில் சில மாதங்கள் பயிற்சி பெற்றார். 1853இல் லண்டனில் பெண்களுக்கான ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் மேற்பார்வையாளரானார். அப்போது அவருக்கு வயது 33.

ஸ்குட்டாரியில் மரண ஓலம்

1854இல் பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி ஆகியவை ரஷ்யாவை எதிர்த்துப் போரிட்ட கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தது. காயம்பட்ட வீரர்கள் கருங்கடலைக் கடந்து, இஸ்தான்புல் நகருக்கு எதிர்க்கரையில் இருந்த ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்குள்ள அவல நிலையைப் பத்திரிகைகள் வெளியிட்டதும் நாட்டு மக்கள் கொதித்தெழுந்தனர். போர்த்துறை அமைச்சரும் குடும்ப நண்பருமான சிட்னி ஹெர்பர்ட், நைட்டிங்கேலின் உதவியை நாடினார். 38 பெண்களுடன் புறப்பட்ட அவர், அந்த ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி ஸ்குட்டாரி போய்ச் சேர்ந்தார்.

அந்தக் கட்டடம் முன்பு படைவீரர் முகாமாக இருந்தது. அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. காற்றோட்டம் இல்லை. நடைக்கூடங்களில்கூட நோயாளிகள் நெருக்கியடித்துப் படுத்திருந்தனர். நைட்டிங்கேல் துணி, சோப்பு, சாப்பாடு ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்தார். ஆனாலும் மரணம் குறையவில்லை. 1855 பிப்ரவரியில் சிகிச்சை பெற்றவர்களில் இறந்தோர் விகிதம் 42 விழுக்காட்டைத் தாண்டியது. குண்டடியால் இறந்தவர்கள் அதில் சிறு பங்குதான். காலரா, வயிற்றுப்போக்கு, டைபஸ் காய்ச்சல் ஆகியவையே பெரும்பாலான உயிர்களைக் கொண்டுபோயின.

மார்ச் மாதம் லண்டனிலிருந்து ஒரு சுகாதார ஆணையம் வந்தது. சாக்கடைகள் கழுவப்பட்டன. விலங்குகளின் சடலங்கள் அகற்றப்பட்டன. காற்று வர வழி செய்யப்பட்டது. ஜூன் மாதத்திற்குள் இறப்பு விகிதம் ஏறக்குறைய 2 விழுக்காட்டிற்கு இறங்கியது.

பதிவேடுகளின் நிலையும் நைட்டிங்கேலைத் திகைக்க வைத்தது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு ஓர் ஏட்டில் ஒரு கணக்கு, வேறோர் ஏட்டில் வேறு கணக்கு. ஒரே நோயை ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு பெயரில் எழுதினர். எத்தனை பேரை இழந்தோம் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில் ஒரு பேரரசின் ராணுவம் இருந்தது.

கணக்கு சொன்ன கசப்பான உண்மை

1856இல் நாடு திரும்பிய நைட்டிங்கேல் பாராட்டு விழாக்களைத் தவிர்த்தார். புனைபெயரில் பயணம் செய்து சத்தமில்லாமல் வீடு வந்து சேர்ந்தார். அதே ஆண்டு விக்டோரியா அரசியாரைச் சந்தித்து, ராணுவத்தின் சுகாதார நிலையை விசாரிக்க அரச ஆணையம் அமைய வேண்டும் என்று வலியுறுத்தினார். 1857இல் ஆணையம் அமைந்தது. பெண் என்பதால் அவருக்கு அதில் இடமில்லை. ஆனால் அதற்கு வேண்டிய தகவல்களைத் திரட்டியதில் பெரும்பங்கு அவருடையது.

பிறப்பு இறப்புப் பதிவகத்தில் பணியாற்றிய புள்ளிவிவர வல்லுநர் வில்லியம் ஃபார் அவருக்குத் துணை நின்றார். இருவரும் போர்க்கால ஏடுகளைப் புரட்டிப் புரட்டிக் கணக்கிட்டனர். அதில் ஒரு கசப்பான உண்மை வெளிப்பட்டது. போர்முனைக்கு அருகில் இருந்த மருத்துவமனைகளைவிட, நைட்டிங்கேல் பணியாற்றிய ஸ்குட்டாரியில்தான் மரணம் அதிகம். வீரர்கள் பட்டினியாலும் களைப்பாலும் நலிந்து வந்ததால்தான் இறந்தார்கள் என்று அதுவரை அவர் நம்பியிருந்தார். கட்டடமும் சாக்கடையுமே பெரும் காரணம் என்று கணக்கு காட்டியது.

நாடே அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்த வேளை அது. அந்த எண்களை மூடி வைத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால், 1858இல் அச்சிட்ட 800 பக்கங்களுக்கும் மேற்பட்ட தம் அறிக்கையில் ஸ்குட்டாரியின் எண்களையும் அவர் சேர்த்தே வைத்தார்.

கிருமிகளால் நோய் பரவுகிறது என்பது அப்போது நிலைநாட்டப்படவில்லை. அசுத்தக் காற்றே நோய்க்குக் காரணம் என்று பலரையும் போல அவரும் நம்பினார். அந்த விளக்கம் தவறு. ஆயினும் எந்த இடத்தில், எந்த மாதத்தில், எதைச் சரிசெய்த பிறகு மரணம் குறைந்தது என்பதைக் கணக்கு சரியாகவே காட்டியது.

படமாக மாறிய புள்ளிவிவரம்

அட்டவணைகளை அமைச்சர்கள் படிக்க மாட்டார்கள் என்பது நைட்டிங்கேலுக்குத் தெரியும். எண்கள் எண்களாகவே இருக்கட்டும் என்பது ஃபாரின் கருத்து. நைட்டிங்கேல் அதற்கு உடன்படவில்லை. வட்டத்தை 12 துண்டுகளாக்கி ஒரு படம் வரைந்தார். ஒரு துண்டு ஒரு மாதம். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் நேர்ந்த மரணத்திற்கு நீலம், காயத்தால் நேர்ந்த மரணத்திற்குச் சிவப்பு, மற்றவற்றுக்குக் கறுப்பு. 1854 ஏப்ரல் முதல் ஓராண்டுக்கு ஒரு வட்டம், அடுத்த ஆண்டுக்கு இன்னொரு வட்டம்.

முதல் வட்டத்தில் குளிர்கால மாதங்களின் நீலம் பொங்கி வழிகிறது. சிவப்பு நடுவில் சிறிதாகக் கிடக்கிறது. இரண்டாம் வட்டத்தில் நீலம் சுருங்கிப் போகிறது. பார்த்தவருக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. அரசியார், அமைச்சர்கள், பத்திரிகையாளர்கள் எனச் செல்வாக்குள்ளவர்களின் கைக்குத் தம் எழுத்தும் படங்களும் போய்ச் சேரும்படி அவர் பார்த்துக்கொண்டார்.

போர் இல்லாத காலத்திலும் ராணுவம் ஆட்களை இழந்துகொண்டிருந்ததை மற்றோர் ஒப்பீடு காட்டியது. இங்கிலாந்தில் முகாம்களில் இருந்த வீரர்களின் இறப்பு விகிதம், அதே வயதுடைய பொதுமக்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. வீரர்களோ உடல்தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். இந்த ஒப்பீட்டுக்கு எவராலும் மறுப்புச் சொல்ல முடியவில்லை.

விளைவாக முகாம்களில் காற்றோட்டமும் குடிநீரும் கழிவுநீர் வசதியும் மேம்பட்டன. ராணுவ மருத்துவக் கல்லூரி 1860இல் தொடங்கப்பட்டது. ராணுவத்தின் நோய், இறப்புக் கணக்குகளைத் தொடர்ந்து எடுத்து வெளியிடவும் ஏற்பாடு செய்யப்பட்டது. லண்டன் புள்ளியியல் கழகம் 1858இல் நைட்டிங்கேலை உறுப்பினராக்கியது. அக்கழகத்தின் முதல் பெண் உறுப்பினர் அவரே.

தாம் திறந்த வார்டை மூடியவர்

1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவரின் தாதியர் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. அதே ஆண்டு லண்டனில் நடந்த அனைத்துலகப் புள்ளியியல் மாநாட்டில், எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரியான படிவத்தை நிரப்ப வேண்டும் என்ற அவரின் திட்டம் முன்வைக்கப்பட்டது. நோய்களுக்கு ஒரே பெயர், கணக்கிட ஒரே முறை. அப்போதுதான் ஒரு மருத்துவமனையை மற்றொன்றுடன் ஒப்பிட முடியும். மாநாடு அதை ஏற்றது. சில மருத்துவமனைகள் தொடங்கவும் செய்தன. ஆனால் படிவம் சிக்கலாக இருந்ததால் திட்டம் நிலைக்கவில்லை. 1861 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நோயாளிகள் பற்றியும் வீட்டு வசதி பற்றியும் கேள்விகளைச் சேர்க்க அவர் எடுத்த முயற்சியும் இங்கிலாந்தில் ஏற்கப்படவில்லை.

அவர் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத ஒரு நிகழ்வு உண்டு. 1860களின் தொடக்கத்தில் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தர, அவர் பெயரிலான நிதியைக் கொண்டு ஒரு பிரசவ வார்டு திறக்கப்பட்டது. அங்கே பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் இறந்தனர். கணக்கைப் பார்த்த பின்னர் 1867இல் அந்த வார்டு மூடப்பட்டது. அதோடு அவர் நிற்கவில்லை. பல நாடுகளின் பிரசவ மருத்துவமனைக் கணக்குகளைத் திரட்டி 1871இல் நூலாக வெளியிட்டார். வீட்டில் பிரசவித்த பெண்களைவிட மருத்துவமனையில் பிரசவித்தவர்களே அதிகம் இறந்தார்கள் என்பது அதில் வெளிப்பட்டது. தம் பெயரில் தொடங்கிய திட்டம் என்ற பாசம் அவரைத் தடுக்கவில்லை.

இந்தியாவை நோக்கி

நைட்டிங்கேல் ஒருமுறைகூட இந்தியா சென்றதில்லை. ஆனால் இந்தியாவைப் பற்றி அவர் எழுதியது ஏராளம். 1859இல் இந்தியாவில் உள்ள ராணுவத்தின் சுகாதாரம் பற்றி ஆராய அரச ஆணையம் அமைந்தபோது, அங்குள்ள ராணுவ நிலையங்களுக்கெல்லாம் கேள்விப் படிவம் அனுப்ப ஏற்பாடு செய்தார். வந்து குவிந்த பதில்களை ஆராய்ந்து எழுதினார். அங்கு வீரர்களின் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 69 என ஆணையம் கண்டறிந்தது. சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் அமைக்கப்பட்டன. பத்தாண்டுகளில் அந்த விகிதம் ஆயிரத்துக்கு 18 ஆகக் குறைந்தது என்று 1873இல் அவர் எடுத்துக்காட்டினார்.

வீரர்களோடு அவர் கவனம் நிற்கவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, நீர்ப்பாசனம் வேண்டும், உழவர்களின் கடன்சுமை குறைய வேண்டும் என்று தொடர்ந்து எழுதினார். கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டிய பொறியாளர் ஆர்தர் காட்டன் அவருக்குக் கருத்துத் தோழராக இருந்தார். ஆனால் பஞ்ச நாள்களில் அவர் சொன்னதைக் காலனி அரசு பெரிதாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

நிறைவேறாத ஆசை

போரின்போது பற்றிய நோய் அவரை விடவே இல்லை. 1857க்குப் பிறகு பல ஆண்டுகள் படுக்கையிலேயே கழிந்தன. படுக்கையில் இருந்தபடியே படிவங்களையும் கடிதங்களையும் அறிக்கைகளையும் அவர் எழுதித் தள்ளினார்.

முதுமையில் அவரை ஒரு கவலை வாட்டியது. அரசாங்க அலுவலகங்களில் எண்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் சட்டம் இயற்றுகிறவர்களுக்கு அவற்றைப் படித்துப் பயன்படுத்தத் தெரியவில்லை. ஒரு சட்டம் வந்த பிறகு அதனால் பயன் விளைந்ததா என்று திரும்பிப் பார்க்கும் பழக்கமும் இல்லை. இதைக் கற்பிக்க ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் இருக்கை வேண்டும் என 1891இல் அறிஞர் ஃபிரான்சிஸ் கால்ட்டனுடன் சேர்ந்து முயன்றார். அது நிறைவேறவில்லை.

1907இல் பிரிட்டனின் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதைப் பெற்ற முதல் பெண் என்ற சிறப்பு அவருக்குக் கிடைத்தது. 1910 ஆகஸ்ட் 13ஆம் தேதி, 90ஆம் வயதில் லண்டனில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தபோது குடும்பத்தார் மறுத்துவிட்டனர். ஹாம்ப்ஷையரில் ஒரு கிராமத் தேவாலய வளாகத்தில் அவர் துயில்கிறார்.

பதிவேடு நமக்குப் புதிதல்ல. தோட்டத்தில் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டதும், பால் எடை போட்டுக் கிராணி எழுதியதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இன்றும் ஆலய நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், கூட்டுறவுக் கழகம் என எங்கும் ஏடுகள் இருக்கின்றன. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசித்து, ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிய, ஏடு மூடப்படுகிறது. சென்ற ஆண்டோடு ஒப்பிட்டால் என்ன தெரிகிறது, அதற்காக எதை மாற்றப் போகிறோம் என்று யாராவது ஒருவர் எழுந்து கேட்டால், நைட்டிங்கேல் அம்மையார் தொடங்கிய வேலை அந்தக் கூட்டத்திலும் தொடங்கிவிடும்.